இறக்க விடப்படாத மனிதர்: நேதாஜியைத் தொடர்ந்த வதந்திகள்

1945 ஓகஸ்ட் 18 அன்று, ஜப்பானின் ஆட்சியில் இருந்த தாய்வானில், சுபாஷ் சந்திர போஸ் பயணித்த இராணுவ விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்து தீப்பற்றியது. கடும் எரிகாயங்களோடு தாய்பே இராணுவ வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர் அன்றிரவே உயிரிழந்தார். உடல் அங்கேயே தகனம் செய்யப்பட்டது. சாம்பல் டோக்கியோவின் ரென்கோஜி விகாரைக்குச் சென்றது. அவருக்கு வயது 48.

ஆனால் இந்தியாவில் பலர் அதை நம்பவில்லை. அதற்கான காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருந்தது.

1897இல் கட்டாக்கில் பிறந்த போஸ், இரு தடவைகள் காங்கிரஸ் தலைவராகத் தெரிவானவர். 1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்து தப்பி, பட்டாணியர் வேடத்தில் காபூலை அடைந்து, அங்கிருந்து இத்தாலியக் கடவுச்சீட்டில் ஜேர்மனி சென்றார். 1942 மார்ச்சில் அவர் விமான விபத்தில் இறந்ததாகச் செய்தி பரவ, காந்தி அவருடைய தாயாருக்கு அனுதாபச் செய்தி அனுப்பினார். செய்தி பொய்யானது. அடுத்த ஆண்டு நீர்மூழ்கியில் ஆசியா திரும்பி, இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாவின் இறப்பர்த் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் அதில் சேர்ந்தார்கள்.

இப்படிப்பட்டவர் இறந்தார் என்ற செய்தி, தோற்றுப்போன ஜப்பானிடமிருந்து, சில நாட்கள் பிந்தி வந்தது. உடலைக் குடும்பத்தினர் எவரும் காணவில்லை. காந்தியே முதலில் அவர் உயிரோடு இருப்பதாக நம்பி, 1946இல்தான் மனம் மாறினார். 1950களில் முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிருடன் இருக்கிறார் என்று சொல்லிவந்தார்.

பின்னர் துறவிகள் தோன்றினார்கள். 1960களில் வடவங்கத்தின் ஷௌல்மாரி ஆச்சிரமச் சாமியாரே போஸ் என்றார்கள். அவர் மறுத்தும் கதை நிற்கவில்லை. 1985இல் பைசாபாத்தில் இறந்த, பெயர் அறியப்படாத துறவியையும் போஸ் என்றார்கள். அவருடையவை எனப்பட்ட பற்களின் மரபணுச் சோதனை அதற்கு ஆதாரம் தரவில்லை.

1956இல் ஷாநவாஸ் குழுவும் 1974இல் கோஸ்லா ஆணைக்குழுவும் விபத்து மரணத்தை உறுதிசெய்தன. ஆனால் ஷாநவாஸ் குழுவில் இருந்த போஸின் அண்ணன் சுரேஷ் அதை ஏற்கவில்லை. 2005இல் முகர்ஜி ஆணைக்குழு விபத்தை மறுத்தது. அரசு அந்த அறிக்கையை நிராகரித்தது. இதற்கிடையே அரசு பல கோப்புகளைப் பூட்டியே வைத்திருந்தது. மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்ற எண்ணத்தை அந்தப் பூட்டே வளர்த்தது. 2016இல் கோப்புகள் திறக்கப்பட்டபோது எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தக் கதைகளின் சுமையைத் தாங்கியவர் அவருடைய மகள் அனிதா. 1942இல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை தாய்பேயில் இறந்தார் என்பதை ஏற்றுக்கொண்ட அவர், சாம்பலுக்கு மரபணுப் பரிசோதனை செய்து, அதை இந்தியாவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று முதுமையிலும் கேட்டுவருகிறார்.

உடலைக் காணாத மரணம் என்ன செய்யும் என்பதை நம்மவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மீது பழியில்லை. உண்மையை உரிய நேரத்தில், ஆதாரத்தோடு சொல்லவேண்டியவர்கள் மௌனமாக இருந்தால், அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடும். பிறகு உண்மை வந்தாலும், அது இன்னொரு கதையாகவே கேட்கும்.