குகையில் தப்பிய சக்கரவர்த்தி

கி.பி. 26-ம் ஆண்டு. ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே, கடலோரத்தில் ஓர் உல்லாச மாளிகை. அதை ஒட்டினாற்போல் ஓர் இயற்கைக் குகை. அதற்குள் சக்கரவர்த்தி திபேரியஸ் விருந்துண்டு கொண்டிருந்தார்.

திடீரென்று குகை வாயிலில் பாறைகள் சரிந்தன! பணியாட்கள் சிலர் நசுங்கி மாண்டனர். மற்றவர்கள் அலறி ஓடினர். ஒருவன் மட்டும் ஓடவில்லை. சக்கரவர்த்தியின் மேல் கவிழ்ந்து, தன் உடலையே கேடயமாக்கினான். அவன்தான் காவல் படைத் தலைவன் ஸெஜானஸ்.

யார் இந்தத் திபேரியஸ்? நம் கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் பலவற்றில் முகம் பொறித்திருக்கிறதே, அவர்தான். ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டதும் இவர் ஆட்சியில்தான்.

மனைவியும் மகனும்

கி.மு. 42-ல் பிறந்த திபேரியஸ், போர்க்களத்தில் பெயரெடுத்த தளபதி. இல்வாழ்வில்தான் நிம்மதியில்லை. ஆசை மனைவி விப்ஸானியாவைத் தள்ளிவிட்டுத் தம் மகள் ஜூலியாவை மணக்கும்படி அகஸ்டஸ் சக்கரவர்த்தி கட்டாயப்படுத்தினார். திபேரியஸால் மறுக்க முடியவில்லை. கி.பி. 14-ல் அரியணை கிடைத்தது. 23-ல் பெற்ற மகன் துரூஸஸ் இறந்தான். மனம் உடைந்த மனிதருக்கு, உயிர் காத்த ஸெஜானஸ் தெய்வம்போல் தோன்றியதில் வியப்பென்ன?

27-ல் காப்ரி தீவுக்குப் போனவர், பிறகு தலைநகருக்குள் கால் வைக்கவே இல்லை. அங்கே ஸெஜானஸ் வைத்ததே சட்டம். ஆனால் மெல்ல மெல்ல சந்தேகம் பிறந்தது. 31-ல் காப்ரியிலிருந்து ரோமானிய ஆட்சி மன்றத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று வந்தது. அதன் முடிவில் இருந்தது, ஸெஜானஸைக் கைது செய்யும் உத்தரவு! அன்றே அவன் கொல்லப்பட்டான்.

பிறகுதான் பேரிடி விழுந்தது. துரூஸஸை விஷம் வைத்துக் கொன்றவன் ஸெஜானஸே என்று, அவன் விலக்கி வைத்த மனைவி அபிகாட்டா எழுதி அனுப்பினாள். அதன்பின் திபேரியஸ் எவரையும் நம்பவில்லை. 37-ல், 77-ம் வயதில் காலமானார்.

ஊரார் மறியல்

1957-ல் ஸ்பெர்லோங்கா என்ற ஊரருகே கடற்கரைச் சாலை போட்டபோது, அந்தக் குகையில் ஆயிரக்கணக்கான சலவைக்கல் சிற்பத் துண்டுகள் கிடைத்தன. அவற்றை ரோமுக்குக் கொண்டுபோக முயன்றதும், ஊரார் திரண்டு சாலையை மறித்தனர். வெற்றி அவர்களுக்கே! 1963-ல் அங்கேயே காட்சிசாலை திறக்கப்பட்டது. இடிந்த மாளிகையின் சுவர்களையும், குகைக்குள் வெட்டிய மீன் குளத்தையும் இன்றும் காணலாம்.

ஒட்டவைத்த சிற்பங்களில் ஒன்று, ஒற்றைக் கண் அரக்கன். விருந்தாளி தந்த மதுவில் மயங்கிக் கண்ணிழந்தவன் அவன். அந்தக் குகையில் உயிர் தப்பிய திபேரியஸின் கதையும் ஏறக்குறைய அதுதானே!