மறைவுக்குப் பின் கிட்டிய முதலிடம்

அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 2003 செப்டம்பரில் தமது 71ஆவது வயதில் காலமானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 ஜூலையில் வெளியான அவரது 'அமெரிக்கன் ஃபைவ்: எ ஹண்ட்ரட் ஹைவேஸ்' இசைத்தொகுப்பு, அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1969க்குப் பின்னர் அவருக்கு அந்த இடம் கிட்டியது அதுவே முதல் முறை.

ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி வயல்களில் உழைத்து வளர்ந்தவர் கேஷ். 1955ல் மெம்ஃபிஸ் நகரின் சன் நிறுவனம் அவரது முதல் இசைத்தட்டை வெளியிட்டது. சிறைக் கைதிகள் முன்னிலையில் பாடிப் பதிவு செய்த தொகுப்புகள் 1968, 1969ல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றன. ஆனால் எண்பதுகளில் விற்பனை சரிந்தது. 28 ஆண்டுகள் அவரது பாடல்களை வெளியிட்டு வந்த கொலம்பியா நிறுவனம் 1986ல் அவரைக் கைவிட்டது.

ராப், ராக் இசையில் பெயர் பெற்றிருந்த தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவரை மீண்டும் ஒலிப்பதிவுக்கு அழைத்தார். ஒரு கிட்டாரும் கேஷின் குரலும் மட்டுமே ஒலித்த 1994ஆம் ஆண்டுத் தொகுப்பு கிராமி விருதைப் பெற்றது.

மனைவி ஜூன் கார்ட்டர் 2003 மே மாதம் மறைந்த பின்னரும், நோயுற்றிருந்த கேஷ் தொடர்ந்து பாடிப் பதிவு செய்தார். அந்த இறுதிக்காலப் பதிவுகளே முதலிடம் பெற்ற தொகுப்பில் இடம்பெற்றன. விலைபோகாது எனச் சந்தை ஒதுக்கிய குரல், முதுமையின் தளர்ச்சியை மறைக்காமல் ஒலித்தபோதுதான் மீண்டும் விலைபோனது.