தாயாரின் கண்ணுக்காகப் படித்தவர்

சிங்கப்பூர் ஆற்றோரம், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம் நடப்பவர்கள் ஹோசே ரிசாலின் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருக்கலாம். பிலிப்பீன்ஸின் விடுதலைக்கு வித்திட்டவர் என்றே நாம் அவரை அறிவோம். வியாபாரத்துக்காக மணிலா போய்வரத் தொடங்கிய பிறகுதான், அவர் கண் அறுவை மருத்துவர் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

1861இல் கலம்பாவில் பிறந்தவர். மணிலாவில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தாயார் தியோடோராவின் பார்வை மங்கத் தொடங்கியது. 1882 மே மாதம், அண்ணன் பசியானோவின் துணையோடு, பெற்றோரிடம் சொல்லாமல் கப்பலேறினார். முதலில் வந்திறங்கியது நம் சிங்கப்பூரில்தான். இரண்டு நாள் தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனார். அப்போது வயது 20.

மத்ரீத்தில் கையில் காசில்லாத நாட்கள் உண்டு. ஒருமுறை வெறும் வயிற்றோடு கிரேக்க மொழிப் போட்டிக்குப் போய்ப் பரிசு வாங்கினார். 1884இல் மருத்துவத் தகுதி கிடைத்தது. அதோடு ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் பாரிசுக்குப் போய், புகழ்பெற்ற கண் மருத்துவர் லூயி தெ வெக்கரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சில மாதங்களில் அறுவை செய்யக் கை பழகிவிட்டது. என்றாலும், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டறிய இன்னும் நிறையப் பயிற்சி வேண்டும் என வீட்டுக்கு ஒளிக்காமல் எழுதினார். டிப்ளோமா வாங்கிய கையோடு எல்லாம் தெரியும் என்று கடை திறந்த எங்களுக்கு இது உறைத்தது. அடுத்து 1886இல் ஹைடல்பெர்க், ஓட்டோ பெக்கரின் கண் மருத்துவமனை.

1887இல் வெளியான அவருடைய நாவல் ஸ்பானிய ஆட்சியைச் சீண்டியது. 1892இல் மிண்டனாவோவின் டப்பித்தானுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கும் மருத்துவம் பார்த்தார். வசதியுள்ளவர்களிடம் கட்டணம், ஏழைகளுக்கு இலவசம். தேடி வந்த தாயாருக்கும் அங்கே கண்ணில் அறுவை செய்தார். அறுவை நன்றாகவே முடிந்தது. அம்மாவோ, மகன் சொன்னதைக் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட்டார். புண்ணில் கிருமி தொற்றியது. பாரிசில் கற்றதெல்லாம் பெற்ற தாயிடம் செல்லவில்லை! மறுபடியும் பாடுபட்டுத்தான் அவர் பார்வையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

1896இல் கைதியாக மீண்டும் நம் துறைமுகத்துக்கு வந்தார். அவரைக் கப்பலிலிருந்து விடுவிக்க நண்பர்கள் இங்குள்ள நீதிமன்றத்தை நாடியும் பலிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் தேதி மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

தாயார் 1911 வரை வாழ்ந்தார்.