தாவூத் நபி (அலை) அவர்களின் ஆட்சியும் நீதியும்

 

நுபுவ்வத்தையும் அரசாட்சியையும் ஒருங்கே பெற்ற நபிமார்கள் வெகு சிலரே. அவர்களுள் ஒருவரான தாவூத் (அலை) அவர்கள், இன்றைக்குச் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு பைத்துல் முகத்தஸில் அமர்ந்து பனீ இஸ்ராயீல்களை ஆண்டார்கள். அன்னாரின் ஆட்சிக்காலம் 40 ஆண்டுகள் என யூத, கிறிஸ்தவ வேதநூல்கள் கூறுகின்றன. 1993ஆம் ஆண்டு, லெபனான் எல்லையை ஒட்டிய தெல் தான் என்னும் தொல்லியல் மேட்டில், கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயக் கல்வெட்டின் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் தாவூதின் அரச குடும்பம் குறிப்பிடப்பட்டுள்ளதாக ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கின்றனர். திருக்குர்ஆனை நம்பிய நமக்கு அக்கல்லின் சாட்சியம் தேவையில்லை; மறுப்போருக்கு எடுத்துக்காட்ட அது உதவும்.

அன்னார் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர். தாலூத்தின் படையில் ஒரு வீரராகவே வரலாற்றில் முதன்முதலாகத் தோன்றுகிறார்கள். அந்தத் தாலூத்தை அல்லாஹ் அரசராக நியமித்தபோது, பனீ இஸ்ராயீல்களின் தலைவர்கள் எழுப்பிய ஆட்சேபணை என்ன தெரியுமா? அவரிடம் செல்வம் இல்லை என்பதுதான். கல்வியும் உடல் வலிமையும் அவருக்கு அதிகமாக வழங்கப்பட்டுள்ளன என்பதே அவர்களுக்கு விடையாகக் கூறப்பட்டது. பின்னர் ஆற்றங்கரைச் சோதனையில் பெரும்பாலோர் வயிறு முட்ட நீர் அருந்தித் தோற்றனர். எஞ்சி ஆற்றைக் கடந்தோர் பத்ரு ஸஹாபாக்களின் எண்ணிக்கையளவே, அதாவது 310க்கும் சற்று அதிகமானவர்களே, என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அச்சிறு கூட்டத்தில் இருந்த தாவூத் (அலை) அவர்களின் கையாலேயே ஜாலூத் மாண்டான். அதன்பின் ஆட்சியும் ஞானமும் அன்னாருக்கு அருளப்பட்டன. ஜபூர் வேதமும் அருளப்பட்டது. அன்னார் தஸ்பீஹ் செய்தபோது மலைகளும் பறவைகளும் உடன் தஸ்பீஹ் செய்தன.

இத்தகைய அரசரின் உணவு எங்கிருந்து வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தம் கையால் உழைத்தே அன்னார் உண்டார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். அல்லாஹ் அன்னாருக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். அதுவரை தகடுகளாக இருந்த போர்க்கவசத்தை வளையங்களாகப் பின்னியவர்கள் அன்னாரே என்று தாபியீன்களில் ஒருவரான கதாதா (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். வளையங்களை அளவாகச் செய்யுமாறு திருக்குர்ஆனிலேயே கட்டளை வந்துள்ளது. தஃப்ஸீர்களில் ஒரு செய்தி காணப்படுகிறது. அன்னார் மாறுவேடத்தில் சென்று தம்மைப் பற்றி மக்களிடம் விசாரிப்பது வழக்கம். ஒருநாள் மனித உருவில் வந்த மலக்கு ஒருவர், தாவூத் நல்ல மனிதர்தான், ஆனால் தம் குடும்பத்தைப் பைத்துல்மாலிலிருந்து உண்ணச் செய்கிறார் என்றாராம். அதன்பிறகே அன்னார் ஒரு கைத்தொழிலை வேண்டி துஆச் செய்தார்களாம். இவ்வாண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டும்போது இச்செய்தியும் நம் நினைவில் இருக்கட்டும்.

ஆட்சிப் பணி அன்னாரின் இபாதத்தைக் குறைக்கவில்லை. இரவில் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, மீண்டும் ஆறில் ஒரு பங்கு உறங்குவார்கள். 12 மணிநேர இரவெனில், 4 மணிநேரம் தொழுகை. ஒருநாள் நோன்பு, மறுநாள் நோன்பின்மை. இவ்வளவு நோன்பு நோற்றும் போர்க்களத்தில் எதிரிக்குப் புறங்காட்டாதவர்கள் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்.

இனி, ஸாத் சூராவில் வரும் வழக்கு. மிஹ்ராபின் சுவரேறி இருவர் உள்ளே குதிக்கின்றனர், அன்னார் திடுக்கிடுகிறார்கள். வந்தவர்களில் ஒருவர் முறையிடுகிறார்: இவர் என் சகோதரர்; இவரிடம் 99 பெண் ஆடுகள், என்னிடம் ஒன்றே ஒன்று; அதையும் கேட்டுப் பேச்சில் என்னை மிகைத்துவிட்டார். உன் ஆட்டைக் கேட்டதே அநீதம் என்று அன்னார் கூறிவிடுகிறார்கள். உடனே, இது சோதனை என உணர்ந்து பாவமன்னிப்புத் தேடி விழுகிறார்கள். அந்த வசனத்தை ஓதும்போது ஹனஃபீ மத்ஹபில் திலாவத் ஸஜ்தா செய்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் அது நன்றியறிதலின் ஸஜ்தா, தொழுகைக்கு வெளியே செய்யப்படுவது.

ஒரு போர்வீரரின் மனைவியோடு இணைத்து இங்கே சொல்லப்படும் கதை இஸ்ராயீலிய்யாத் வகையைச் சேர்ந்தது. பாவங்களிலிருந்து பாதுகாக்கப்பட்ட ஒரு நபிக்கு அது பொருந்தாது. பயான்களிலும் அதனைக் கூறலாகாது. மற்றவரின் வாதத்தைக் கேட்கும் முன் தீர்ப்பு வெளிப்பட்டதே அந்தச் சோதனை என விரிவுரையாளர்களில் ஒரு சாரார் விளக்குகின்றனர். அடுத்த வசனம் மக்களிடையே சத்தியத்தைக் கொண்டு தீர்ப்பளிக்குமாறு அன்னாரை ஏவுவதால், இவ்விளக்கமே நம் மனதுக்குப் பொருத்தமாகப் படுகிறது. மேலும், முறையிட்டவர் தம்மைப் பேச்சில் வென்றதாகச் சொன்ன அந்த எதிரி, அச்சபையில் ஒரு வார்த்தையும் பேசியதாகத் திருக்குர்ஆனில் இல்லை!

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோதும், முதலாமவரிடம் கேட்டதுபோல் இரண்டாமவரிடமும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாமென்றே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஜமாஅத்துகளுக்குத் தலாக், குலா, பாகப்பிரிவினை வழக்குகள் வருகின்றன. முதலில் வந்து அமர்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், நிர்வாகிகளுக்கு உறவினர். பெண் வீட்டாரோ வெளியூர். கடிதம் போய்ச் சேருவதற்குள் பாதித் தீர்ப்பு பேச்சோடு பேச்சாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அவள் பிள்ளைகளின் வாழ்க்கையும் அந்தப் பாதித் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

மற்றொரு வழக்கை அன்பியா சூரா குறிப்பிடுகிறது. ஒருவரின் ஆடுகள் இரவில் மற்றொருவரின் பயிரை மேய்ந்து அழித்துவிட்டன. நட்டத்திற்கு ஈடாக ஆடுகளை நிலக்காரருக்கே கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் கூறுகிறது. மைந்தர் ஸுலைமான் (அலை) அவர்கள் வேறு வழி சொன்னார்கள். ஆடுகள் நிலக்காரரிடம் இருக்கட்டும்; அவற்றின் பாலையும் உரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் நிலத்தைப் பயிரிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதன்பின் அவரவர் பொருள் அவரவரிடம் திரும்பட்டும். இருவருக்குமே ஞானமும் கல்வியும் வழங்கியதாக அல்லாஹ் கூறுகிறான். ஆயினும் இத்தீர்ப்பை ஸுலைமானுக்கு விளங்கவைத்ததாகவும் கூறுகிறான். தந்தையும் அரசரும் நபியுமான தாவூத் (அலை) அவர்கள் தம் தீர்ப்பை விலக்கிக்கொண்டு, மைந்தரின் தீர்ப்பையே நிறைவேற்றினார்கள். அப்போது அந்த மைந்தருக்கு வயது 11 என்று விரிவுரையாளர் சிலர் எழுதியுள்ளனர்.