முற்றுகையைப் பதிந்த பேனா: சால் பிளாட்ஜே

தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் முன்னோடிப் பத்திரிகையாளரான சாலமன் பிளாட்ஜே 1876ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிறந்தார். மிஷன் பள்ளியில் சில ஆண்டுகளே பயின்ற அவர், தம் சொந்த முயற்சியால் பல மொழிகளில் தேர்ந்தார். கிம்பர்லியில் தந்தி கொண்டுசெல்லும் பணியாளராயிருந்து, பின்னர் மாஃபெகிங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார்.

1899 அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. மாஃபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் சிக்கியது. 23 வயது இளைஞரான பிளாட்ஜே, அங்கிருந்த போர் நிருபர்களுக்கு உதவிக்கொண்டே நாட்குறிப்பும் எழுதிவந்தார். நகரைக் காக்கப் போரிட்ட பரோலாங் மக்களின் துணிவும், கறுப்பின ஏழைகள் பட்ட பசிக்கொடுமையும் அதில் இடம்பெற்றன. வெற்றிப் புகழோ வெள்ளைத் தளபதி பேடன்-பவலைச் சேர்ந்தது.

போருக்குப்பின் சுவானா மொழி இதழொன்றின் ஆசிரியரானார். 1912இல் தோன்றிய தென்னாப்பிரிக்கப் பூர்வகுடி தேசிய காங்கிரசின் முதற் பொதுச்செயலாளரும் அவரே. 1913ஆம் ஆண்டு நிலச்சட்டம் நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டு நிலத்தையே கறுப்பருக்கு ஒதுக்கியது. வாழிடமிழந்து, கால்நடைகளோடு வீதிகளில் அலைந்த குடும்பங்களை மிதிவண்டியில் சென்று நேரிற்கண்டு, 1916இல் நூலாக வெளியிட்டார்.

1932 ஜூன் 19ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். முற்றுகை நாட்குறிப்பு 1973இல்தான் அச்சேறியது. அதன்பின்னரே, நகரைக் காத்தோர் வெள்ளையர் மட்டுமல்லர் என்பதைக் கறுப்பின மகனொருவரின் எழுத்தே உலகறியச் சான்று பகர்ந்தது. தன் வரலாற்றைத் தானே எழுதாத சமூகத்தின் தியாகம் பிறர் கணக்கில் சேர்ந்துவிடும். ஆதலின், கல்வி கற்கும் நம் மாணவச் செல்வங்கள் கண்டதை எழுதிவைக்கும் பழக்கத்தையும் கைக்கொள்வார்களாக!