கச்சு தைத்தவன் கனல் மூட்டினான்

நாம் நினைவுகூரும் தாமஸ் பெயின் கோட்டையிலே பிறந்த கோமகனல்ல. கல்லூரியிலே பயின்ற கனவானுமல்ல. 1737-ல் இங்கிலாந்தின் தெட்போர்டு ஊரிலே, மாதர் அணியும் இடைக்கச்சு தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தான். தானும் கச்சு தைத்தான்.

பிறகு கலால் வரி அலுவலனானான். சக அலுவலர்களின் அரைவயிற்றுச் சம்பளம் உயரவேண்டுமென்று 1772-ல் எழுதி வாதாடினான். உயர்வு கிடைக்கவில்லை, 1774-ல் வேலையும் போயிற்று. பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த அறிமுகக் கடிதத்துடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான்.

அங்கே பலர் மன்னனிடம் மனுப்போட்டுக் காத்திருந்தனர். மன்னனே எதற்கு என்று கேட்டான் பெயின்! 1776 ஜனவரியிலே அவன் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூல், பட்டறையிலும் பண்ணையிலும் படிக்கப்பட்டது. ஜூலையிலே விடுதலைப் பிரகடனம் பிறந்தது. நூலின் வருவாயில் தன் பங்கையோ, விடுதலைப் படைவீரருக்கென்று ஒதுக்கினான்.

பிரான்சிலே புரட்சி வெடித்தது, அங்கும் சென்றான். முடியாட்சி ஒழியட்டும், ஆனால் மன்னனைக் கொல்லாதீர் என்றான். அந்தப் புரட்சி அரசே 1793 டிசம்பரில் அவனைச் சிறையிலிட்டது. 'ஏஜ் ஆப் ரீசன்' நூலிலே, வேதப் புத்தகத்தையும் குருமார் ஆதிக்கத்தையும் பகுத்தறிவுத் தராசிலே நிறுத்தினான். கடவுள் நம்பிக்கை அவனுக்கு உண்டு; ஆயினும் நாத்திகன் என்று ஏசினர்.

1802-ல் அமெரிக்கா திரும்பியவனை வரவேற்றது வசைமாரி! 1809-ல் நியூயார்க்கிலே மாண்டான். ஒரு நாட்டையே விழிக்கச் செய்தவனின் சவ அடக்கத்திற்கு வந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூட்டம் கூடும்போது முன்னே நிற்பது எளிது. கூட்டம் கலைந்தபின்னும் கொள்கையிலே நிற்பவனே தலைவன். ஆட்சிப்பீடம் ஏறாத அந்தக் கச்சுத் தொழிலாளியை, அதனாலேயே நாம் தலைவன் என்கிறோம்.