மணலில் தொடங்கிய வாசிப்பு

நான் பொத்தேரியைச் சேர்ந்தவன். நாள்தோறும் மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டுக்கு வந்து படிக்கும் நண்பர்கள் பலருள் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்த் திருச்சபையில் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லித் தருகிறேன். வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கும் போட்டிகளில் பல பரிசுகள் பெற்றதால் எனக்குக் கிடைத்த பொறுப்பு அது. அந்தப் பெருமையை ஒரு நாள் ஒரு சிறுமி ஒரே கேள்வியில் குலைத்துவிட்டாள்.

கெட்ட குமாரன் கதையை அன்று நடத்திக்கொண்டிருந்தேன். சொத்தை அழித்துவிட்டு இளைய மகன் வீடு திரும்புகிறான். அவனுக்காக விருந்து நடக்கிறது. மூத்தவன் கோபம் கொண்டு வெளியிலேயே நின்றுவிடுகிறான். தந்தை வந்து அவனைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்று அவள் கேட்டாள். அந்த அதிகாரம் முழுவதையும் பிழையின்றி ஒப்புவிக்கத் தெரிந்த எனக்கு, இப்படி ஒரு கேள்வி உண்டென்பதே அதுவரை தோன்றியதில்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று அதட்டி உட்கார வைத்தேன்.

மனம் உறுத்திக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் சீகன்பால்கு ஐயரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. தமிழருக்கு வேதாகமத்தை வாசிக்கக் கொடுத்தவர் என்று அவரைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் அறிவோம். அவர் எப்படி வாசிக்கக் கற்றார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புல்ஸ்னிட்சு என்ற ஊரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அவருடைய தாய் மரணப் படுக்கையில், தாம் பிள்ளைகளுக்காக வேதாகமத்தில் ஒரு புதையலை வைத்திருப்பதாகவும், அதை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும் என்றும் கூறியதாகச் சொல்வார்கள். புதையலைத் தேடுகிறவன் தோண்டித்தானே ஆகவேண்டும்?

ஹாலே நகரில் பயின்ற அவரை, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9-ஆம் நாள், நண்பர் புளூட்சோவுடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார்!

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளை ஜெர்மனிக்கு அனுப்பினார். தம் சமயமே மெய்யென்ற உறுதி அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆயினும் பிறர் சொல்வதைக் கேட்காமல் பேச அவர் விரும்பவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் விரும்பவில்லை. அது 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

1708-இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கினார். டேனிய ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கினால் நான்கு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். வெளிவந்து பணியைத் தொடர்ந்து 1711-இல் முடித்தார். தமிழில் அச்சு நூல் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் புதிய ஏற்பாடு இந்திய மொழி ஒன்றில் அச்சேறியது இதுவே முதல் முறை. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715-இல் நூல் முழுமையாயிற்று. பெண் குழந்தைகளுக்கும் அவர் பள்ளி வைத்திருந்தார். குரு வாசிக்கச் சபை கேட்டிருந்த காலம் போய், சபையாரும் தம் கையில் வைத்து வாசித்து யோசிக்க வழி பிறந்தது.

பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை வந்தவர், 1719 பிப்ரவரி 23-இல் முப்பத்தாறாம் வயதில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சியதைச் சூல்ச்சு என்பவர் முடித்தார். பின்னர் பப்ரிசியுசு திருத்தமான மொழிபெயர்ப்பைத் தந்தார். 1850-இல் வெளிவந்த பெர்சிவல் ஐயரின் மொழிபெயர்ப்பில், சைவம் வளர்த்த ஆறுமுக நாவலரே துணைநின்று உழைத்தார். ஒரு நூலைச் சரியாக வாசிக்க எத்தனை தலைமுறை, எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் பாருங்கள்! ஒருவன் தனியே மனப்பாடம் செய்து முடித்துவிடக்கூடிய காரியமா அது?

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியை எழுப்பி, அவள் கேள்வியை மீண்டும் கேட்கச் சொன்னேன். எனக்கு விடை தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அனைவரும் அந்தப் பகுதியைச் சேர்ந்து வாசித்தோம். கதை தந்தையின் பேச்சோடு முடிந்துவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனதாகவும் இல்லை, போகாததாகவும் இல்லை. போயிருப்பான் என்றார்கள் சிலர், மாட்டான் என்றார்கள் சிலர். தம்பியோடு பேசாமலிருந்த ஒரு பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலை குனிந்திருந்தான். அந்தக் கதை ஏன் முடியாமல் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நண்பர்களே, வேதமாயினும் குறளாயினும் நம் பாடநூலாயினும் ஒப்புவிப்பது வேறு, வாசிப்பது வேறு. பிள்ளைகளோடு தரையில் அமர அந்த அயல்நாட்டு இளைஞர் நாணவில்லை. நாம் மட்டும் ஏன் நாணவேண்டும்?